நாணல் நாட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் கேன்

மேற்குத் தாம்பரத்துக்காரனுக்கு வெளிநாடு ரொம்ப தூரமில்லை. ரயில்வே கேட்டைத் தாண்டினால் போதும். கேட்டுக்குக் கிழக்கே இருப்பவர்கள் வேறு பஸ் பிடிப்பார்கள், வேறு காய்கறிக் கடைக்காரனைத் திட்டுவார்கள், வெயிலைக்கூட முதலில் அவர்கள் வாங்கி ஒரு தடவை உபயோகித்துவிட்டுத்தான் எங்கள் பக்கம் அனுப்புவார்கள். கேட் மூடியிருக்கிற நேரத்தில் இரண்டு பக்கத்து ஜனங்களும் சைக்கிளில் ஒற்றைக்கால் ஊன்றி, எல்லைக் காவலர்கள் மாதிரி ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்போம். நடுவில் கூட்ஸ் வண்டி தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

கூடப் படித்தவர்கள் சிங்கப்பூரையும் லண்டனையும் பார்த்துவிட்டு வந்து பத்திரிகைகளில் எழுதினார்கள். என் கால்களும் அரிக்கிற கால்கள்தான். ஓரிடத்தில் அரைமணி உட்கார்ந்தால் வேர் விட்டுவிடுமோ என்று பயந்து எழுந்துவிடுகிற ரகம். ஆனால் பாஸ்போர்ட் கிடையாது. அச்சகத்தில் பிழை திருத்துகிறவனுக்கு அதற்கான வரும்படியும் கிடையாது. அதனால் எண்பதுகளின் கடைசியில், ஒரு கத்திரி வெயிலில், எனக்கு வாய்த்த அயல்நாடு பள்ளிக்கரணை. போன காரியம், தண்ணீர் எடுத்து வருவது. கையில் விசாவுக்குப் பதில் மூடி இறுக்கமாக இல்லாத ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேன்.

அனுப்பியவள் சரோஜா அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவள், பள்ளிக்கூடத்தில் ஜியாகரபி டீச்சர். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுகளிலேயே குடித்தனம். அப்போது இருந்தது ஏழாவது. ஹவுஸ் ஓனர் மாடியில், இவர்கள் கீழே. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. விளக்கு வைத்தபின் மிக்சி போடக் கூடாது. மோட்டார் சுவிட்ச் மாடியில், அதைப் போடுகிற மனசு இன்னும் மேலே. அந்த மாடிக்காரர் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டே படியில் இறங்கி வந்து, "பையன் துபாய்லேர்ந்து வரான். ஒரு மாசம் நோட்டீஸ்னு வச்சுக்குங்க" என்று வாயில் நுரையோடு சொல்லிவிட்டுப் போனார். அக்கா அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டாள். அவள் லீவு போட்டு நான் பார்த்ததில்லை. சாயங்காலம் நான் போனபோது சமையலறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"எட்டாவது வாடகை வீடுன்னு ஒண்ணு எனக்குக் கிடையாதுடா" என்றாள். "கூரை போட்டுன்னாலும் சொந்தமா ஒண்ணு. இல்லேன்னா உங்க மாமா எங்க வேணா இருக்கட்டும், நான் ஸ்கூல் ஸ்டாஃப் ரூம்ல படுத்துக்கறேன்."

மாமா, அதாவது அக்காவின் கணவர், கிண்டியில் ஒரு ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். நாலு நாளில் பள்ளிக்கரணையில் ஒரு மனையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். அவர்கள் கைக்கு எட்டியது அது ஒன்றுதான். மீதி இருந்தது பருப்புச் சோதனை.

அதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் மனை வாங்குகிறவர்கள் பத்திரம் பார்ப்பதற்கு முன்னால் பருப்பு பார்ப்பார்கள். பாதி இடங்களில் கிணற்று நீர் உப்பு. சோப்பு நுரைக்காது, தலைமுடி கொட்டும், முக்கியமாகத் துவரம்பருப்பு வேகாது. அதனால் வாங்கப்போகிற மனையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து, வீட்டில் திறந்த பாத்திரத்தில் பருப்பு போட்டுக் கொதிக்கவிடுவார்கள். குக்கர் கூடாது; குக்கரில் கூழாங்கல்லும் வெந்துவிடும். பருப்பு மலர்ந்தால் மனை நல்ல மனை. விதை விதையாக முறைத்துக்கொண்டு நின்றால் அடுத்த புரோக்கர். பெண் பார்க்கிற விஷயத்தில்கூட இத்தனை விஞ்ஞானம் கிடையாது.

மாமாவுக்கு லீவு இல்லை. அக்காவுக்குப் பேப்பர் திருத்துகிற வேலை. குடும்பத்தில் ஊர் சுற்றி என்று அங்கீகாரம் பெற்றவன் நான் ஒருவன்தான்.

முதல் நாள், பஸ்ஸை விட்டு இறங்கியபோது புரோக்கர் துரைராஜ் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தார். முப்பது வயதிருக்கும். சட்டைப்பையில் சீப்பு, சீப்புக்கு வேலையில்லாத தலை.

"கேரியர்ல குந்து சார். கேன நான் மாட்டிக்கிறேன்."

"தூரமா?"

"இன்னா தூரம்? ஒரு பீடி தூரம்."

அவர் பீடியை அணைத்து அணைத்துப் பற்றவைக்கிறவர் என்பது போகப்போகத் தெரிந்தது. தார் ரோடு போய் மண் ரோடு வந்தது. மண் ரோடு போய், ரோடு என்று துரைராஜ் மட்டும் நம்பிய ஒன்று வந்தது. இரண்டு பக்கமும் கோடை தின்று துப்பிய நிலம். கருகிய தட்டைகள், வெடித்த சேறு, வெயிலில் நத்தை ஓடுகள் பல் மாதிரி வெளுத்துக் கிடந்தன. என் பின்பக்கத்தில் சைக்கிள் கேரியரின் இரும்பு தன் சொந்தக் கவிதையை எழுதிக்கொண்டிருந்தது.

அப்புறம் சைக்கிள் நின்றது.

"இதான் சார்."

பச்சை. அந்த ஒரு சொல்லைத் தவிர அப்போது எதுவும் தோன்றவில்லை. சுற்றிலும் எல்லாம் செத்துக் கிடந்த அந்த மே மாதத்தில், வெள்ளையடித்த நாலு கற்களுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு நாணல் நின்றுகொண்டிருந்தது. நின்றுகொண்டா இருந்தது? அலைந்துகொண்டிருந்தது. கரும்புக்குத் தம்பி, மூங்கிலுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். கணுக்கணுவாய், உள்ளே ஒன்றுமில்லாமல், அந்த ஒன்றுமில்லாததையே குழலாக்கிக்கொண்டு. போன வருஷத்துப் பூங்கொத்துகள் சில இன்னும் உச்சியில் இருந்தன, நரைத்த தாடியைக் காற்றில் உலர்த்துகிற மாதிரி. காற்று உள்ளே நுழைந்தபோது ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் பட்டுப்புடவையைக் கொசுவுகிற சத்தம்.

பள்ளிக்கூடத்தில் நாணலைப் பணிவுக்கு உதாரணமாகச் சொல்லிச் சொல்லிக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். நேரில் பழகினால் அது அப்படியொன்றும் பணிவான பிராணி இல்லை. தொட்டேன், விரலைக் கிழித்தது.

"இது நாணல்தானே? அதோ அங்க மெழுகுவர்த்தி மாதிரி பழுப்பா நிக்கறது சம்பு. கீழ முக்கோணத் தண்டோட இருக்கறது கோரை" என்றேன், தெரிந்ததைக் காட்டிக்கொள்ளும் ஆசையில்.

துரைராஜ் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "எல்லாம் புல்லு சார். வூடு கட்டசொல்லோ எல்லாத்தியும் கொளுத்திடலாம். நீ கவலப்படாத."

பிறகு சைக்கிளில் சொருகியிருந்த மண்வெட்டியை எடுத்து நாலு கொத்து கொத்தினார். முழங்கால் ஆழம்கூட இல்லை. அடியிலிருந்து தண்ணீர் ஊறி, கலங்கி, தெளிந்து, வானத்தை வாங்கி வைத்துக்கொண்டது. எங்கள் தெருவில் போர் போட்டால் பாதாளத்தில் குடியிருப்பவர்கள் கதவைத் திறந்து யார் வேண்டும் என்று கேட்பார்கள், தண்ணீர் மட்டும் வராது. இங்கே நாலு கொத்து! ஒரு கை அள்ளிக் குடித்தேன். கொஞ்சம் சேற்று மணம், மற்றபடி இனிப்பு.

"இன்னா சார், எளநி மாதிரி கீதா?"

"கீது" என்றேன். அயல்நாட்டில் அந்த ஊர் மொழியில் பேசுவது மரியாதை.

திரும்பும்போதுதான் விபத்து. நான் ஏறிய பஸ், மேடவாக்கம் தாண்டி நடு ரோட்டில் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. முன்பக்கத்திலிருந்து ஆவி. டிரைவர் இறங்கி, பானெட்டைத் திறந்து, சொந்தக்காரர் உடல்நிலையைப் பார்க்கிற முகத்தோடு திரும்பினார். கண்டக்டரின் பார்வை சீட்டு சீட்டாக நகர்ந்து என் மடிக்கு வந்தது.

"யார்து சார் அந்த கேனு? தண்ணியா, கெரசினா?"

"தண்ணிதான். ஆனா அது பருப்புக்கு."

"பருப்புக்கா?" கண்டக்டர் பஸ் முழுவதையும் சாட்சிக்கு அழைத்தார். "இங்க வண்டி வெந்துகினு கீது, சாரு பருப்ப வேக வெக்கிறாராம்."

"இது சாதாரணத் தண்ணி இல்லீங்க, ஒரு மனைக்காக…"

"குடுத்துடு சார், பேஜார் பண்ணாத" என்றது பின்சீட்டு. "பொம்பளைங்க கொழந்தைங்க வெய்யில்ல குந்திகினு கீறாங்க" என்றது முன்சீட்டு. ஒரு கிழவர், "பருப்புதான, ரசம் வெச்சுக்கோ" என்று வழியும் சொன்னார். என் அக்காவின் எதிர்காலம் ரேடியேட்டருக்குள் கடகடவென்று இறங்கியது. பஸ் உடனே புறப்பட்டது. அந்தத் தண்ணீருக்கு எஞ்சின் வேகவில்லை என்பது மட்டும் நிரூபணமாயிற்று.

"உன்னைத் தண்ணிக்கு அனுப்பிச்சேன் பாரு" என்றாள் அக்கா, காலி கேனைக் குலுக்கிப் பார்த்து. பருப்பைக் களைந்து தயாராக வைத்திருந்தாள். அதை அன்றைக்கு மாடிக்காரரின் உப்புத் தண்ணீரிலேயே கொதிக்க வைத்துச் சாப்பிட்டோம். சாப்பிட்டோம் என்பதைவிட மென்றோம் என்பது சரி.

இரண்டாம் நாள் தனியாகவே போனேன். வழி தெரிந்தவன் என்கிற கர்வம். மெயின் ரோட்டோரத்தில் ஒரு சாப்பாட்டுக் கொட்டகை இருந்தது. செங்கல் சுவர், ஓலைக் கூரை, ஒரு பெஞ்சு. நடத்துகிறவர் தனக்கோட்டி அக்கா. என்னைவிடச் சின்னவராகத்தான் இருப்பார். ஆனால் அந்தக் கரண்டியைப் பிடித்திருந்த தோரணைக்கு அக்கா என்று கூப்பிடாமல் இருக்க முடியாது. கோடையில் ஏரி வற்ற வற்ற மீன்கள் ஓரிடத்தில் சேருமாம். விரால் குழம்பு. சுடுசோறு. முதல் வாய்க்கே காதுக்குப் பின்னால் வேர்த்தது. இரண்டாவது வாய்க்கு உலகத்தை மன்னித்தேன். சிங்கப்பூர் போய் வந்தவர்கள் எந்தக் கட்டுரையிலும் இப்படி ஒரு குழம்பைச் சொன்னதில்லை.

"ஊருக்குப் புதுசா சார்? இன்னா சோலி?"

"மனை பாக்க. அப்டியே அந்த நாணலையும் பாக்கணும்."

"புல்லு பாக்கவா பஸ் ஏறி வந்த?" தனக்கோட்டி அக்கா அடுப்பைப் பார்த்துச் சிரித்தார். "எங்க வூட்டு மாடுகூட அத நின்னு பாக்காது சார். துன்னுட்டு வந்துகினே இருக்கும்."

இலையிலிருந்து நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன். அந்தக் கொட்டகையில் எல்லாமே தலைக்கு மேலே இருந்தது. காலண்டர் கூரையை ஒட்டி. சாமி படம் அதற்குப் பக்கத்தில், ஏணி வைத்தால்தான் கும்பிடலாம் போல. சர்க்கரை டின், டீத்தூள் டின், டிரான்சிஸ்டர், எல்லாம் உயரத்தில் ஒரு பலகையில். சுவிட்ச் போடத் தனக்கோட்டி அக்கா ஸ்டூலில் ஏறினார். சுவரின் கீழ்ப்பாதி வெறுமை.

"ஏன்க்கா எல்லாத்தையும் மேலயே மாட்டியிருக்கீங்க?"

"எலி சார்."

"எலி காலண்டர் பாக்குமா?"

"எங்க ஊரு எலி படிச்ச எலி."

சுவரில் என் மார்பளவுக்கு ஒரு பழுப்புக் கோடு, ஸ்கேல் வைத்து இழுத்ததைப் போல, நாலு பக்கமும் ஓடியது. கோட்டுக்கு மேலே சுண்ணாம்பு வெள்ளை. கீழே சேற்று நிறம்.

"பாதிச் சுவருக்குத்தான் வெள்ளையடிச்சீங்களா?"

"சுண்ணாம்பு தீந்துடுச்சு. இன்னொரு துண்டு போடட்டா?"

போட்டார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. மீன் அப்படி.

மனைக்கு நடந்தேன். இந்தத் தடவை நாணலுக்கு உள்ளே போய்ப் பார்க்க ஆசை. நாலடி வைத்திருப்பேன், வலது கால் முழங்கால் வரைக்கும் இறங்கிவிட்டது. பதற்றப்படாமல் அதை இழுத்தேன். கால் வந்தது, செருப்பு வரவில்லை. கை விட்டுத் துழாவினேன். கிடைத்தது வேறு யாருடைய செருப்போ. எனக்கு முன்னால் வந்த ஏதோ யாத்ரீகருடையது, பழைய ரப்பர் செருப்பு. அதன் நடுவில், விரல் தடிமனுக்கு, பென்சில் முனை மாதிரி சீவிய ஒரு நாணல் குருத்து துளைத்துக்கொண்டு மேலே வந்திருந்தது. ரப்பரை ஆணி துளைப்பதுபோல. அவசரமில்லாமல், கோபமில்லாமல்.

சேற்றில் ஒற்றைச் செருப்போடு நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், இந்தப் புல் படுத்தபடியே நடந்துகொண்டிருக்கிறது. அதன் தண்டு சேற்றுக்குள் கை வீசி கை வீசிப் போகிறது. நினைத்த இடத்தில் ஒரு விரலை நீட்டுகிறது. வெள்ளையடித்த நாலு கல்லைப் பற்றி அதனிடம் யாரும் சொல்லவில்லை. துரைராஜ் கொளுத்துவது அதற்கு முடி வெட்டிவிடுகிற மாதிரி. நாம் நிலம் என்று சொல்வது இங்கே தண்ணீரின் கோடை விடுமுறை. பள்ளி திறந்தால் வந்துவிடும். தனக்கோட்டி அக்காவின் எலிகள் நீந்தத் தெரிந்த எலிகள்.

சோதனைக்குத் தண்ணீர் கிடைக்குமா என்றுதான் நாங்கள் எல்லாரும் பார்த்தோம். போகுமா என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. வாழ்நாள் முழுக்கக் குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடியவர்களுக்கு அந்தக் கேள்வி தோன்றவே தோன்றாது.

துரைராஜ் தோண்டிய குழியில் கேனை நிரப்பிக்கொண்டு, ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். கேன் கால்களுக்கிடையே, துண்டு போர்த்தி. அதே கண்டக்டர். "சார், இன்னிக்கு வண்டி சூப்பரா கீது, பயப்படாத" என்றார்.

சாயங்காலம் பருப்பு அடுப்பில் ஏறியது. மாமா ஆபீஸ் பையைக்கூடக் கழற்றாமல் அடுப்பருகே நின்றார். அக்கா கரண்டியால் ஒரு பருப்பை எடுத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினாள். அது பூ மாதிரி விரிந்தது.

"வெந்துடுத்து" என்றார் மாமா. பிறந்துவிட்டது என்று நர்ஸ் சொல்கிற குரல்.

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வியர்வை என்று நினைத்துக்கொள்ளச் சொன்னாள், நாங்களும் நினைத்துக்கொண்டோம். மேலேயிருந்து மாடிக்காரர், "என்ன இது, கேஸ் வாசனையா? பாத்து!" என்று குரல் கொடுத்தார்.

"பருப்பு வாசனை!" என்று மாமா கூரையைப் பார்த்துக் கத்தினார். அந்த வீட்டில் அவர் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

நெய்யும் பருப்புமாகப் பிசைந்து சாப்பிடும்போது நான் ஆரம்பித்தேன். சுவரில் இருந்த கோடு, தலைக்கு மேலே தொங்கும் காலண்டர், செருப்பைத் துளைத்த குருத்து. "அக்கா, அங்க தண்ணி நிக்கும்" என்றேன்.

"நிக்கட்டும்டா. இங்க ஓடிக்கூட வரலை."

"மார்பளவுக்கு நிக்கும்."

"இவனுக்கு எங்க போனாலும் ஒரு நொட்டை" என்றார் மாமா. "புல்லைப் பாத்து மயங்கிட்டான். அங்க வீடு வந்தா புல்லு போயிடுமேன்னு கவலை. கவிஞன்டா நீ."

அதில் பாதி உண்மை என்பதால் நெய்யைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. குடும்பமாகப் புறப்பட்டோம். அக்கா புளியோதரை கட்டியிருந்தாள். மாமா மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் ஒரு பையில். அயல்நாட்டுக்கு இரண்டு தடவை போய் வந்தவன் என்ற முறையில் நான் வழிகாட்டி; பஸ்ஸில் யாரும் என்னை மதிக்கவில்லை, கண்டக்டரைத் தவிர. "இன்னா சார், கேன் எங்க?"

துரைராஜ் எங்களை நேராக மனைக்கு அழைத்துப்போகப் பார்த்தார். நான் வழிமறித்து, எல்லாரையும் தனக்கோட்டி அக்காவின் கொட்டகைக்குள் நுழைத்தேன். "முதல்ல ஒரு டீ" என்றேன். என் உள்நோக்கம் கூரையை ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

அக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் எதையும் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கவில்லை. குடையை மடக்கிக்கொண்டே சுவரைப் பார்த்தாள். காலண்டரைப் பார்த்தாள். எழுந்து போய், அந்தப் பழுப்புக் கோட்டின் மேல், கரும்பலகையில் நதியைக் காட்டுகிற மாதிரி விரல் வைத்துக் கொஞ்ச தூரம் நடந்தாள். துரைராஜ் சீப்பை எடுத்து மறுபடி பைக்குள் வைத்தார்.

"இது எந்த மழைக்கு?" என்று கேட்டாள் அக்கா.

தனக்கோட்டி அக்கா துரைராஜைப் பார்த்தார். "எலிக்காக…"

"எலியை விடும்மா. தண்ணி எத்தனை நாள் நிக்கும்?"

டீ ஆற்றுகிற கை நின்றது. டீச்சர் குரலுக்குப் பொய் சொல்வது யாருக்கும் கஷ்டம்.

"பத்து பன்னெண்டு நாளு" என்றார் தனக்கோட்டி அக்கா. "பேய் மழன்னா இன்னும் ரவ சேத்து. எல்லா வருசமும் வராதும்மா. வந்தா, கட்டில் மேல கட்டில் போட்டுகினு குந்திப்போம்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, போய்டும்."

"தானா போயிடுமா?"

"போவாம? இங்கியே குடும்பம் நடத்தவா போவுது?"

நான் வெற்றியோடு மாமாவைப் பார்த்தேன். மாமாவின் முகம் மஞ்சள் பையைப் போலத் தொங்கியிருந்தது. "துரைராஜ், என்னய்யா இது? மேடுன்னு சொன்னீங்க" என்றார்.

"மேடுதான் சார். நானே பக்கத்துல ரெண்டு மனை வாங்கிப் போட்டுகினு கீறேன். என் புள்ள மேல சத்தியமா. நான் போயி பள்ளத்துல வாங்குவனா?" அவர் குரலில் கலப்படம் இல்லை. தான் விற்றதைத் தானும் நம்புகிற மனுஷன். அவரோடு சண்டை போடுவது கஷ்டம்.

அக்கா திரும்ப வந்து உட்கார்ந்தாள். டீயை இரண்டு வாய் குடித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு டீ" என்றாள். பிறகு மாமாவிடம், "தண்ணி வரும், பத்து நாள்ல தானா போயிடும்ங்கறா. இத்தனை வருஷத்துல எந்த ஹவுஸ் ஓனராவது தானா போயிருக்கானா?"

"அக்கா, அது சதுப்பு நிலம்" என்றேன்.

"ஏழாம் வகுப்புக்கு நான்தான்டா அந்தப் பாடம் எடுக்கறேன். படம் போட்டு பாகம் குறிப்பேன். நீ முந்தாநாள் கேன்ல கொண்டுவந்தியே, அந்தக் கேன் காலியா இருந்தாலும் அதுல ஒட்டியிருந்த சேறு என்ன சேறுன்னு எனக்குத் தெரியும்." குடையை எடுத்துக்கொண்டாள். "தரையை எவ்வளவு உயரத்துக்குத் தூக்கணும், அதைச் சொல்லுங்க. வாங்க, இடத்தைப் பாப்போம்."

நாணலுக்கு முன்னால் நின்று புளியோதரை சாப்பிட்டோம். காற்று வந்தது, புடவை கொசுவும் சத்தம் வந்தது. அக்கா பொட்டலத்தை மடித்துக்கொண்டே, "நல்லாத்தான் இருக்கு உன் புல்லு" என்றாள். தூக்குத் தண்டனைக்கு முன்னால் கைதியின் அழகைப் பாராட்டுகிற மாதிரி இருந்தது.

கொளுத்தினார்கள். மண்ணும் செங்கல் ஜல்லியுமாக வண்டி வண்டியாகக் கொட்டினார்கள். வீடு எழும்புகிறவரை அக்காவும் மாமாவும் என் வீட்டு ஹாலில் குடியிருந்தார்கள். அங்கே சுவிட்ச் போடக்கூட என்னைக் கேட்டார்கள், பழக்கம். தை மாதம் கிரகப்பிரவேசம். சுற்றுவட்டாரத்தில் அது ஒன்றுதான் கோயில் மாதிரி படியேறிப் போகிற வீடு. வந்தவர்கள் சிரித்தார்கள். பால் காய்ச்சிய கையோடு அக்கா ஒரு சுத்தியலை எடுத்து, சொந்தச் சுவரில், கூடை நிறைய வைத்திருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக அடித்தாள். காலண்டருக்கு, கடிகாரத்துக்கு, சாமி படத்துக்கு, எதற்கும் இல்லாமல் சும்மா நாலைந்து. எல்லாம் தலைக்கு மேலே.

அப்புறம் சில வருஷங்கள் கழித்து, தொண்ணூறுகளில், அந்த மழை வந்தது. கேட்டுக்குக் கிழக்கே நாடே காணாமல் போனதாகச் செய்தி. இந்தத் தடவை அயல்நாட்டுப் பயணம் துரைராஜின் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில். அவர் இடுப்பளவுத் தண்ணீரில் தள்ள, நான் மேலே அரிசி மூட்டையோடு மூட்டையாக. அவருடைய இரண்டு மனையும் தண்ணீருக்கடியில்தான். "மேடுதான் சார்" என்றார், வழியில் ஒரு தடவை, நான் கேட்காமலே. தனக்கோட்டி அக்கா கூரைமேல் உட்கார்ந்து எங்களுக்குக் கரண்டியை ஆட்டினார்.

அக்கா வீட்டில் தண்ணீர் கடைசிப் படியையும் ஏறி, ஹாலுக்குள் கணுக்கால் அளவு வந்திருந்தது. கட்டிலின் மேல் கட்டில். அதன் மேல் ஸ்டவ். அதன் மேல் பருப்பு. மாமா உச்சிக் கட்டிலில் பத்மாசனத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், போன வாரத்துப் பேப்பர்.

"மழைத் தண்ணிடா" என்றாள் அக்கா, கரண்டியை நீட்டி. "தொட்டதும் மலர்ந்துடுத்து."

தண்ணீர், தனக்கோட்டி அக்கா சொன்னபடியே, தானாகப் போயிற்று. போய்ச் சில வாரங்கள் கழித்து நான் மறுபடி போனபோது மாமா கடப்பாரையோடு ஹால் மூலையில் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் கொலை வெறி. சிவப்பு சிமெண்ட் தரையில், பீரோவுக்குப் பக்கத்தில், சின்னதாக நட்சத்திரம் மாதிரி ஒரு விரிசல். விரிசலின் நடுவில், விரல் தடிமனுக்கு, பென்சில் முனை மாதிரி சீவிய ஒரு பச்சைக் குருத்து.

"உன் ஆளுதான்" என்றார் மாமா, என்னைக் குற்றவாளியாகப் பார்த்து. "இவ்வளவு மண்ணு, ஜல்லி, கான்கிரீட். அதுக்கும் மேல வந்து நிக்கறான் பாரு. தள்ளு, அடியோட பேத்துடறேன்."

கடப்பாரை உயர்ந்தது. அக்கா சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்தாள். குனிந்து பார்த்தாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள்.

"அதைக் கீழ வைங்க" என்றாள். "நாம என்ன மாடிக்காரரா? குடியிருக்கறவனை இப்படியா துரத்துவா?"

"பின்ன?"

அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு மாசம் நோட்டீஸ் குடுங்க."